முப்பத்தொரு விளக்கும் ஆனேக்கல் ரோஜாவும்

ஓர் அலுவலகத்துக் கணினிகளையெல்லாம் ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச் என்கிற பெட்டியை எப்படி மாட்டுவது, எந்தக் கேபிளை எந்தத் துளையில் செருகுவது என்பதையெல்லாம் நான் இதில் எழுதப்போவதில்லை. அது பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் இருக்கிறது. அந்தத் தாளைப் பிரித்தே பார்க்காதவர்கள் நம் தொழிலில் பத்துக்கு எட்டுப் பேர் என்பது என் கணக்கு. புதிதாக வந்திருக்கும் நீங்கள் மீதி இரண்டு பேரில் சேர்ந்துகொள்ளுங்கள். தாளில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எல்லாம் சரியாக மாட்டி, சரியாக ஓடி, பூஜைக்கு மாலையும் போட்ட பிறகு அலுவலகம் மொத்தமும் நின்றுபோகும். சுற்றி நிற்கிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அப்போது கையை எங்கே வைப்பது, எங்கே வைக்காமல் இருப்பது என்று எந்தத் தாளும் சொல்லாது.

எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. ரேக் என்கிற இரும்புச் சட்டத்தில் மாட்டுவதற்கு எட்டுத் திருகாணி வர வேண்டிய இடத்தில் ஏழு வந்தால், ஏழே போதும் என்று தெரிந்தாலும் அந்த எட்டாவது எங்கே போயிருக்கும் என்று வீட்டுக்குப் போகிற வரைக்கும் யோசிப்பேன். மழை பிடித்தால் எந்த வாடிக்கையாளர் அலுவலகத்தில் எந்த ஜன்னல் ஒழுகும், அதன் கீழே எந்தப் பெட்டி இருக்கிறது என்று மனசு ஓட ஆரம்பித்துவிடும். என் மனைவி இதை வியாதி என்பாள். நான் பழக்கம் என்பேன். இந்தப் பழக்கம் ஒரு நாள் நாற்பது பெட்டி ரோஜாவுக்கு உதவியது. அந்த நாளைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முந்தி. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஓர் அலுவலகம். வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்காகச் சுங்க அனுமதிக்கான காகிதங்களைத் தயார்செய்து அனுப்புவது அவர்கள் வேலை. காகிதம் என்பது பேச்சுக்குத்தான். எல்லாம் கணினி வழியாகவே போகும். உரிமையாளர் பிரகாஷ், கன்னடக்காரர். ஊழியர்களில் பாதிப் பேரோடு பேசிப் பேசித் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் கோபமோ பக்தியோ வந்தால் கன்னடத்துக்குப் போய்விடுவார். அலுவலகத்தை உண்மையில் நடத்துகிறவர் ஸ்டெல்லா மேடம். பக்கத்துத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவர். ஆயுத பூஜைக்கு எத்தனை முழம் பூ, எத்தனை எலுமிச்சம்பழம், யார் எந்த மேசையைத் துடைப்பது என்று முடிவு செய்கிறவரும் அவர்தான். அவர் துடைக்கச் சொன்ன மேசையைப் பிரகாஷே துடைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே அலுவலகங்களில் ஆயுத பூஜையை விடுமுறை நாளில் செய்வதில்லை. அதற்கு முந்தின வேலைநாள் காலையில் முடித்துவிட்டு, பொரி கடலையைப் பையில் போட்டுக்கொண்டு, மத்தியானத்துக்கு மேல் சேலத்துக்கும் திருப்பத்தூருக்கும் பஸ் பிடிக்க ஓடுவார்கள். அந்த வருடம் பிரகாஷ் ஓர் ஆசை சொன்னார். பழைய ஸ்விட்ச் அடிக்கடி சோர்ந்து படுத்துக்கொண்டிருந்தது. புதியதைப் பூஜைக்கு முன்னால் மாட்டிவிட்டால் முதல் பூஜை அதற்கே ஆகிவிடும் என்றார். எனக்கு இப்படி நாள் பார்த்து வேலை செய்வதில் பயம் உண்டு. நாள் பார்த்தால் அவசரம் வரும். அவசரம் வந்தால் ஏதாவது ஒன்று பாதியில் நிற்கும். இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டு, காலையில் காவலாளி பூட்டைத் திறக்கும்போதே போய் நின்றேன்.

முப்பத்தெட்டுக் கேபிள்களைக் கழற்றினேன். முப்பத்தெட்டையும் புதியதில் செருகினேன். அதில் ஏழு, ஆள் இல்லாத மேசைகளுக்குப் போகிறவை. அந்தப் பக்கம் சுவரில் துளை இருக்கும், கணினி இருக்காது. ஆகவே விளக்கு எரியாது. மீதி முப்பத்தொன்று எரிய வேண்டும். ஊழியர்கள் இருபத்தாறு பேர், பிரிண்டர் இரண்டு, சர்வர் ஒன்று, இன்டர்நெட் ஒன்று, வாசலில் விரல் வைக்கிற வருகைப்பதிவு இயந்திரம் ஒன்று. எல்லோரும் வந்து, பூஜைக்காகக் கணினிகளைப் போட்டதும் எண்ணினேன். முப்பத்தொன்று. ஒவ்வொரு விளக்கும் தன்பாட்டுக்கு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. அது நல்ல அடையாளம். ஒவ்வொரு விளக்குக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருந்து தன் வேலையைப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

மறுபடியும் ஒரு தரம் எண்ணினேன். ஸ்டெல்லா மேடம் பின்னால் வந்து நின்றார்.

"அங்கிள், எண்ணி முடிச்சாச்சா? இல்ல நாங்கல்லாம் வரிசையில வந்து நிக்கணுமா?"

நான் சிரித்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். ஸ்விட்சுக்குள் செய்ய வேண்டிய ஏற்பாடுகள் மிச்சம் இருந்தன. அதில் முக்கியமானது ஒன்று. ஒரு கேபிளின் இரண்டு முனைகளும் ஒரே ஸ்விட்சுக்கு வந்து சேர்ந்துவிட்டால், உள்ளே போன செய்தி வெளியே போக வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்து, பெருகிப் பெருகி, மொத்த இடத்தையும் அடைத்துவிடும். அப்படி நேர்ந்தால் கண்டுபிடித்து அந்த ஒரு துளையை மட்டும் மூடிவைக்கும் காவல் ஒன்று இந்த ஸ்விட்சில் உண்டு. ஆனால் அந்த ரகத்தில் காவல் தூங்கிக்கொண்டுதான் பெட்டியிலிருந்து வெளியே வரும். எழுப்புவது நம் வேலை.

எழுப்பப் போகும் நேரத்தில் பிரகாஷ் கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் ராகு காலம்.

"ஓடுது இல்லியா சார்? ஓடற வண்டிக்குத்தானே பூஜெ. மிச்சத்த அப்புறம் மாடி."

மிச்சத்தை அப்புறம் செய்யுங்கள் என்கிறார். ஓடுகிறது என்பது உண்மைதான். மடிக்கணினியை மூடினேன். ஆனால் மூடும்போது, பாக்கி ஒன்று, காவல் இன்னும் எழவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதியில் நிறுத்த வேண்டி வருவது நம் தொழிலில் தினமும் நடப்பது. எதைத் திறந்து வைத்துவிட்டு எழுந்தோம் என்பது மட்டும் மறக்கக்கூடாது.

இந்த இடத்தில் முனிரத்னம் வருகிறார். பெங்களூரை ஒட்டிய ஆனேக்கல் பக்கம் ரோஜாத் தோட்டக்காரர். பிளாஸ்டிக் கூரை போட்ட இரண்டு பாலிஹவுஸ் வைத்திருக்கிறார். அதுவரை உள்ளூர் மார்க்கெட்டுக்கே பூ போட்டவர். அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தன் பெயரிலேயே வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். நாற்பது பெட்டி. குளிர்வண்டி விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. விமானம் சாயங்காலம். ஆயுத பூஜை சமயத்தில் பெங்களூரில் பூவுக்கு இருக்கும் கிராக்கி உங்களுக்குத் தெரியும். அந்தக் கிராக்கியை விட்டுவிட்டு, முதல் சரக்கு நேரத்துக்கு வந்தால் வருடம் முழுக்க வாங்கிக்கொள்கிறேன் என்று எங்கோ இருக்கிற ஒருவர் போனில் சொன்னதை நம்பி, மொட்டாகவே வெட்டிப் பெட்டியில் அடுக்கியிருந்தார். ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டில் இப்போதே அவரை 'ஃபாரின் முனிரத்னம்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்களாம். சரக்கு போய்ச் சேர்ந்தால் அது பட்டம். போகாவிட்டால் ஆயுசுக்கும் கிண்டல்.

வண்டி எடை போட்ட விவரம் வந்ததும் அவருடைய காகிதங்களை அனுப்ப வேண்டும். அதற்காகவே நேரில் வந்து உட்கார்ந்திருந்தார். வரும்போது சும்மா வரவில்லை. பூஜைக்கென்று இரண்டு கட்டு ரோஜாவும், தன் வீட்டில் தொடுத்த ஒரு கனத்த மாலையும் கொண்டுவந்திருந்தார். எல்லோரும் துணியும் வாளியுமாக ஓடிக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஸ்டெல்லா மேடத்திடம் ஒரு துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்தார். அதைப் பார்த்தேன். நல்ல மனுஷன் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

பூஜை ஜோராக நடந்தது. கணினித் திரை ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். வாசலில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. கழற்றி வைத்த பழைய ஸ்விட்சுக்கும் ஒரு பொட்டு வைத்து அலமாரியில் மரியாதையாக உட்கார வைத்திருந்தார்கள். புதிய ஸ்விட்சுக்கு முனிரத்னத்தின் மாலை. ரேக்கையே மூடிவிட்டது, ஒரு விளக்குகூடத் தெரியவில்லை. ஸ்விட்சின் தலையில் எலுமிச்சம்பழம் வைக்க வந்தார்கள். பழத்தை வெட்டாமல் வையுங்கள் என்று கெஞ்சி வாங்கி வைத்தேன். பிரகாஷ் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தபோது ரேக்குக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். புண்ணியமெல்லாம் என் சட்டைக்குப் போயிற்று. வெளியே கேட்டருகில் பூசணிக்காய் உடைத்தார்கள். ஒரு துண்டு பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டர் வரைக்கும் போனது. பொரி, கடலை, ஒரு வாழைப்பழம், ஆளுக்கு இரண்டு மைசூர்பாகு. நான் எண்ணவில்லை, பொட்டலத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எடை விவரமும் வந்துவிட்டது. ஸ்டெல்லா மேடம் முனிரத்னத்தின் காகிதங்களைத் திறக்கப் போனார். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்து மேசையிலிருந்து ஒரு குரல், "எனக்கும் வரல மேடம்." பிறகு அடுத்த மேசை. பிறகு பிரிண்டர். பிறகு எல்லாரும்.

ஸ்டெல்லா மேடம் தன் போனிலிருந்து இன்டர்நெட் எடுத்துப் பார்த்தார். இன்டர்நெட் வந்தது. ஆனால் முனிரத்னத்தின் காகிதங்களும், அவற்றில் மின்கையெழுத்துப் போடுவதற்கான சிறு சாவியும் சர்வரில் இருந்தன. சர்வருக்குப் போகிற பாதை ஸ்விட்ச் வழியாகத்தான். ஆக, ரோஜா விமான நிலையத்தில், காகிதம் சர்வருக்குள், நடுவில் மாலை போட்டு உட்கார்ந்திருந்தது நான் மாட்டிய பெட்டி.

இருபத்தாறு பேரும் என்னைப் பார்த்தார்கள். முனிரத்னம் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த பொரிப் பொட்டலத்தை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு ஸ்டெல்லா மேடத்தின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரகாஷ் அலமாரியைக் காட்டினார். பழையதை மாட்டிவிடுங்கள், அது சோர்ந்தாலும் எழுந்துவிடும், பழகினது என்றார். ஒரு பையன், ஸ்விட்சை அணைத்துப் போடலாம் என்றான். இன்னொருவர் இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டார். எனக்கே பழையதைத் தூக்கி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் கை தானாகத் திருப்புளியைத் தேடும். தேட விடாதீர்கள். பழையதை மாட்டி அது ஓடினால், ஏன் ஓடியது என்று தெரியாது. ஓடாவிட்டால் உங்கள் கையில் ஒரு குழப்பத்துக்கு இரண்டு குழப்பம். காலையில் முப்பத்தொரு விளக்கு ஒழுங்காக எரிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதற்கும் இதற்கும் நடுவில் என்னவோ மாறியிருக்கிறது. எதையும் மாற்றுவதற்கு முன்னால் அது என்ன என்று பார்க்க வேண்டும்.

ஆனால் பூவை வைத்துக்கொண்டு நான் ஆராய்ச்சி செய்ய முடியாது. ஸ்டெல்லா மேடத்தைத் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்சம் பார்க்கிறேன், பிடிபடாவிட்டால் எல்லாக் கேபிளையும் உருவிவிட்டு சர்வர், இன்டர்நெட், உங்கள் கணினி மூன்றை மட்டும் வைத்துப் பூவை அனுப்பிவிடுவோம், மற்றவர்கள் அப்புறம் என்றேன். அவர் தலையாட்டினார். தப்பித்துப் போக ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகு நிதானமாக ரேக் பக்கம் திரும்பினேன். தேட ஆரம்பிக்கும் முன்பே அந்த வழியை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி வையுங்கள். உங்களுக்கும் தைரியம், அவர்களுக்கும்.

பார்ப்பதற்கு விளக்கு தெரிய வேண்டும். மாலையை எடுக்கப் போனேன்.

பிரகாஷ் குறுக்கே வந்தார். "பேடா சார். பூஜெ ஆயித்து. ஈக முட்டபேடி."

பூஜை முடிந்துவிட்டது, இப்போது தொடக்கூடாது என்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பூஜைக்கு வைத்ததை அன்றைக்கே கலைப்பது அவர்கள் வீட்டில் என்றைக்கும் நடந்ததில்லை. மாலையைத் தொடாமல் வேலை செய்ய எனக்கு வழியில்லை, மாலையைத் தொட விட அவருக்கு மனசில்லை. இரண்டு பேரும் ரேக்குக்கு முன்னால் நின்றோம்.

பொரிப் பொட்டலத்தை நாற்காலியில் வைத்துவிட்டு முனிரத்னம் எழுந்து வந்தார்.

"பூ என்னுது சாமி. நான் பெத்ததுதான். நானே எடுத்து சாமிக்கு போடறேன்."

பிரகாஷ் நகர்ந்து வழிவிட்டார். முனிரத்னம் இரண்டு கையாலும், தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மாலையை எடுத்துக்கொண்டுபோய் மேலே இருந்த சரஸ்வதி படத்துக்குப் போட்டார். எலுமிச்சம்பழத்தை நான் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஸ்விட்சை உற்றுப் பார்த்தேன். விளக்குகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே தாளத்தில், கல்யாண மண்டபத்து சீரியல் செட் மாதிரி அடித்துக்கொண்டிருந்தன. பார்க்க அழகாக இருந்தது, அதுதான் கெட்டது. இருபத்தாறு பேர் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தை அடிப்பார்களா? உள்ளே ஏதோ ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. எண்ணினேன். முப்பத்துமூன்று.

மறுபடியும் எண்ணினேன். முப்பத்துமூன்றேதான்.

காலையில் முப்பத்தொன்று. இரண்டு விளக்கு கூடியிருக்கிறது. இரண்டு பேர் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்க வேண்டும். யாரும் சேரவில்லை. ஆள் இல்லாமல் இரண்டு விளக்கு. அப்போதே எனக்கு என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டது. எங்கே நடந்தது என்பதுதான் தெரியவில்லை. எல்லா விளக்கும் ஒரே மாதிரி அடிக்கும்போது அந்த இரண்டு எது என்று கண்ணுக்குப் பிடிபடாது.

பிரகாஷ் உரக்கக் கேட்டார், யார் எதைத் தொட்டது என்று. நான் தொடலை சார் என்று ஒருவர் சொன்னதும், நானும் தொடலை, நானும் தொடலை என்று வரிசையாகக் கேட்டது. அதைத்தான் அவர்கள் சொல்ல முடியும். உண்மையும் அதுதான். தப்பான காரியம் செய்ததாக அங்கே யாருக்கும் நினைவில்லை.

நான் கேள்வியை மாற்றினேன்.

"இன்னைக்கு யார் யார் எங்கெங்க சுத்தம் பண்ணீங்க? அத மட்டும் சொல்லுங்க."

அணை உடைந்த மாதிரி வந்தது. ஒருத்தி பிரிண்டருக்கு அடியில் போன தீபாவளிக் காகிதம் வரை எடுத்தாளாம். ஒருவர் மின்விசிறி இறக்கையை இரண்டு பக்கமும் துடைத்தாராம். இன்னொருவர், மேடம் பார்க்காத நேரத்தில் மேடத்தின் டிராயரைச் சுத்தம் செய்தாராம். அதற்கு மேடத்திடம் அங்கேயே வாங்கிக் கட்டிக்கொண்டார். அவ்வளவு பேச்சுக்கு நடுவில் முனிரத்னம் மெதுவாகக் கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி.

"நானு அந்த ஜன்னலாண்ட மேசைய தொடச்சேன் சார். யாரும் உக்காராத மேசை. அங்க ஒரு ஒயரு தரையில வாயத் தொறந்துகினு கெடந்துச்சி. பக்கத்துலயே சொவுத்துல ஓட்டை கீது. கரெக்டா சொருகி உட்டுட்டேன்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த திருப்தியை நான் மறக்கவே மாட்டேன்.

பாலிஹவுசில் செடிக்கடியில் சொட்டுநீர்க் குழாய்கள் ஓடும். எந்தக் குழாயின் வாயும் திறந்து கிடக்கக் கூடாது. ஒரு வாய் திறந்திருந்தால் தண்ணீர் எல்லாம் அங்கேயே போய், கடைசி வரிசைச் செடி காய்ந்துவிடும். பத்து வருடமாகத் தினமும் காலையில் வரிசை வரிசையாக நடந்து, திறந்த வாயைக் கண்டால் மூடிவிட்டு வருகிற மனுஷன். தரையில் ஒரு முனை கிடந்தால் அவர் கை சும்மா இருக்குமா? அந்தக் கேபிளின் ஒரு முனை ஏற்கெனவே சுவரில் இருந்தது. அந்த மேசையில் முன்பு இருந்தவர் போனபோது கணினியை எடுத்துப்போனார்கள், கேபிளை விட்டுவிட்டார்கள். மறுமுனையையும் இவர் பக்கத்துத் துளையில் செருகிவிட்டார். இரண்டு துளையும் ஒரே ஸ்விட்சுக்கு வருகிறவை.

நான் விளக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் முகம் மாறியது.

"அப்டின்னா போன தண்ணி போன வழியே திரும்பி தொட்டிக்கே வந்துகினு கீதா சார்?"

ஆமாம் என்றேன்.

"என் பூவ நானே கட்டிப் போட்டனா?"

யாரும் சிரிக்கவில்லை. ஸ்டெல்லா மேடம்தான், கட்டினவரே அவிழ்த்துவிடட்டும் என்று சொல்லி அவர் முதுகில் கைவைத்து ஜன்னல் பக்கம் அனுப்பினார். முனிரத்னம் குனிந்து, எந்த முனை என்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உருவினார். நான் ரேக்கைப் பார்த்தேன். அந்தத் தாளம் நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம் எல்லாம் தடுமாறின. பிறகு ஒவ்வொன்றும் தன்தன் பாட்டுக்குச் சிமிட்ட ஆரம்பித்தன. முப்பத்தொன்று.

"வந்துடுச்சி" என்றார் ஸ்டெல்லா மேடம். அதற்கப்புறம் விசைப்பலகைச் சத்தம் மட்டும்தான். முனிரத்னம் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். பிரகாஷ் அவருக்குப் பின்னால். எனக்கு முன்னால் இன்னும் பத்துப் பதினைந்து பேர். காகிதம் போய், ஏற்றுக்கொண்டதற்கான எண் திரும்பி வந்தது. அதற்கப்புறமும் முனிரத்னம் உட்காரவில்லை. விமான நிலையத்திலிருந்து வண்டிக்காரர் போன் பண்ணி, நாற்பது பெட்டியும் உள்ளே போய்விட்டது என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முதல் வேலையாக, பிரிக்காமல் வைத்திருந்த பொரிப் பொட்டலத்தைப் பிரித்தார். அலுவலகமே கைதட்டியது. ஊருக்குப் போகிற அவசரத்தில் இருந்தவர்கள்கூடப் பையை மாட்டிக்கொண்டே கைதட்டினார்கள்.

அதோடு நான் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. ராகு காலமும் முடிந்திருந்தது, யாரும் தடுக்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்த அந்தக் காவலை எழுப்பினேன். பிறகு முனிரத்னத்தைக் கூப்பிட்டேன்.

"இப்ப மறுபடியும் சொருகுங்க."

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "என்ன சார், மறுபடியும் வம்புல மாட்டி உடறியே."

"பூ போயிடுச்சி இல்ல. தைரியமா சொருகுங்க. அதே கை, அதே ஓட்டை."

பிரகாஷும் சொன்னார். ஸ்டெல்லா மேடமும் சொன்னார். கடைசியில் முனிரத்னம் குனிந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பட்டாசுத் திரியில் நெருப்பு வைக்கிறவர் மாதிரி செருகினார். ரேக்கில் ஒரே ஒரு விளக்கு நிறம் மாறி அடங்கியது. பழைய முப்பத்தொன்றும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. எந்தத் திரையும் நிற்கவில்லை. முனிரத்னம் உருவினார். செருகினார். நாலு தரம் செய்து பார்த்தார். நான்காவது தரம் அவர் முகத்தில், காலையில் மேசையைத் துடைத்ததைச் சொன்னபோது இருந்த அதே திருப்தி.

காவல் போட்டிருக்கிறேன் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு வராதீர்கள். நடந்த தப்பை, அது நடந்த இடத்திலேயே, முடிந்தால் அதே ஆளை வைத்து மறுபடி செய்யவைத்துக் காட்டுங்கள். இயந்திரத்தின் மேல் நம்பிக்கை வரும். அதைவிட முக்கியம், அந்த ஆளுக்குத் தன் கைமேல் நம்பிக்கை திரும்பும். முனிரத்னம் அன்று குற்றவாளியாக ஆனேக்கல் பஸ் ஏறவில்லை. மிச்சமிருந்த இரண்டு கட்டு ரோஜாவையும் ஊருக்குப் போகிறவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்து முடித்துவிட்டு, வெறுங்கையை வீசிக்கொண்டு ஏறினார். எனக்கும் ஒன்று கிடைத்தது. வீட்டுக்கு வந்து சட்டைப் பையில் கைவிட்டபோது எலுமிச்சம்பழமும் இருந்தது. என் மனைவி ரோஜாவைப் பார்த்துச் சந்தேகப்பட்டாள். எலுமிச்சம்பழத்தை ரசத்துக்கு எடுத்துக்கொண்டாள்.

முதல் சரக்கு நன்றாகப் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் அவருடைய காகிதங்கள் ஸ்டெல்லா மேடத்தின் வழியாகவே போய்க்கொண்டிருந்தன. பட்டம் நிலைத்துவிட்டது. ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டில் ஃபாரின் வீடு எது என்று கேட்டால் போதுமாம், வழி சொல்வார்களாம்.

அடுத்த வருடம் பூஜைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு கேபிளையும் தொடுகிற வேலை இல்லை, வந்து சாப்பிட்டுவிட்டுப் போனால் போதும் என்று பிரகாஷ் சொன்னார். எனக்குச் சாப்பாட்டைவிட, போன வருடம் கிளம்பும் முன் ஆளில்லாத அந்த ஏழு துளைக்கும் நான் போட்ட மூடி அப்படியே இருக்கிறதா என்ற கவலைதான். போனேன். துடைக்கிற வேலை ஜரூராக நடந்துகொண்டிருந்தது. முனிரத்னத்தை உள்ளே காணோம். ஸ்டெல்லா மேடம் அவருக்கு வாசலில், பூசணிக்காய்க்குக் குங்குமம் தடவுகிற வேலை கொடுத்திருந்தார். சுவரிலிருந்து நல்ல தூரம். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். உள்ளங்கை முழுக்கச் சிவப்பு.

"நான் எதயும் தொடல சார். வேணும்னா எண்ணிப் பாருங்க."

நேராக ரேக்குக்குப் போனேன். அந்த முறை மாலையை ஒரு பக்கமாக, விளக்கு தெரிகிற மாதிரி போட்டிருந்தார்கள். எண்ணினேன். முப்பத்திரண்டு. மறுபடியும் எண்ணினேன். முப்பத்திரண்டுதான். ஒன்று கூடுதல். ஸ்டெல்லா மேடம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

ஒரு வருடத்துக்கு மேலாகக் காலியாகக் கிடந்த அந்த மேசையில் ஒரு பெண் உட்கார்ந்து, திரைக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். ஆனேக்கல் கல்லூரியில் பி.காம். முடித்தவள், சேர்ந்து ஒரு மாதம் ஆகிறதாம். முனிரத்னத்தின் மகள். அவளுடைய கேபிள், அவள் அப்பா அன்றைக்குச் செருகிய அதே துளையில் இருந்தது.

ரேக்குக்குத் திரும்பி வந்து அந்த முப்பத்திரண்டாவது விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மற்றவற்றோடு சேராமல், தன்பாட்டுக்கு, சீராகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தாள். கணக்கு சரியாக இருந்தது.